நோபல் மேடைக்கு வந்த கடைசி நேர போன்... எலக்ட்ரான்களை வரிசைப்படுத்திய நீல்ஸ் போர் ஜெயித்த கதை!

1922 டிசம்பர், ஸ்டாக்ஹோம். இயற்பியல் நோபல் பரிசு வாங்க வந்திருந்தார் டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர். (பெயரைப் பார்த்து சண்டைன்னு நினைக்காதீங்க!) ஆனா அவருக்குள் ஒரு பதற்றம். அவர் கொள்கை சரியா, தப்பா என்பதைச் சொல்லும் ஒரு சோதனை, ஊரில் இன்னும் முடியவில்லை.

கோபன்ஹேகனில் 1885இல் பிறந்தவர் போர். இளம் வயதில் கால்பந்து கோல்கீப்பர். 1912இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். அணுவின் நடுவில் கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள் என்று சொல்லியிருந்தார் ரூதர்ஃபோர்டு. சிக்கல் என்னன்னா, பழைய இயற்பியல்படி சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கண் இமைப்பதற்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படின்னா எந்தப் பொருளும் நிலைக்காதே?

குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே எலக்ட்ரான் இருக்கும், அங்கே ஆற்றலை இழக்காது என்றார் போர். அது 1913. பிறகு, எந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று தனிம அட்டவணை முழுக்கக் கணக்குப் போட்டார். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8. நியானுக்கு 2, 8. கூடு நிரம்பியாச்சு, யாரோடும் சேராது. சோடியத்துக்கு 2, 8, 1. அந்த ஒத்தை எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் துடிக்கும். தண்ணீர் பட்டாலே கொந்தளிப்பதற்கு அதுதான் காரணம்.

கணக்கு சரி, நிரூபணம்?

72ஆம் தனிமம் அப்போது காலியிடம். அரிய மண் தனிமங்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார் பிரான்ஸின் உர்பேன். போர் மறுத்தார். அரிய மண் தனிமங்களில் புது எலக்ட்ரான்கள் உள்கூட்டில்தான் சேரும். 71உடன் அது நிரம்பிவிடும். எனவே 72, சிர்கோனியம் போல 4 இணைதிற எலக்ட்ரான்களோடுதான் இருக்கும் என்பது அவர் கணக்கு. உர்பேன் சரி என்றால் போர் தப்பு.

கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியத் தாதுவை எக்ஸ் கதிரில் சோதித்தார்கள். 72இன் கோடுகள் தெரிந்தன! உடனே ஸ்டாக்ஹோமுக்கு போன் பறந்தது. நோபல் உரையின் முடிவில் போர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவிலிருந்து, அந்தத் தனிமம் ஹாஃப்னியம் ஆனது.

1943இல் நாஜிகளிடமிருந்து படகில் ஸ்வீடனுக்குத் தப்பினார் போர். 1962இல் காலமானார். எலக்ட்ரான் அப்படி வட்டப் பாதையில் சுற்றுவதில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனா பள்ளிக்கூடங்களில் சோடியத்துக்கு இன்றும் 2, 8, 1தான். 107ஆம் தனிமத்தின் பெயர் போரியம்.