டாக்டர் பால் பிராண்ட்: நோவின் அருமை உணர்த்திய பெரியார்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயிலும் நம் நினைவிற்கு முதற்கண் வருபவன் வல்வில் ஓரியே. பைல் நாடு முதலிய பல நாடுகளாக வகுக்கப்பெற்ற அம்மலை, பிற்காலத்தே ஒரு சிறந்த மருத்துவரையும் உலகிற்கு வளர்த்தளித்தது. அவரே டாக்டர் பால் பிராண்ட்.

இவர் 1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்தார். இவர்தம் பெற்றோராகிய ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் அம்மையாரும் கொல்லிமலையில் மிஷன் ஊழியம் புரிந்தவர்கள். மலைச் சிறுவரோடு ஓடித்திரிந்து வளர்ந்த பால், ஒன்பதாம் அகவையில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பெற்றார். 1929-ல் தந்தையார் கொடுஞ்சுரத்தால் அம்மலையிலேயே உயிர் நீத்தார். பிரிந்து சென்ற மைந்தர் அவர் முகத்தை மீண்டும் கண்டிலர்.

முதலில் கட்டடத் தொழில் பயின்ற பால், பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டாக்டர் காக்ரேன் செங்கற்பட்டில் காட்டிய தொழுநோயாளரின் மடங்கிய விரல்கள் அவர் உள்ளத்தைத் தொட்டன. தசைநாண்களை இடம் மாற்றி அவ்விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையை அவர் வகுத்தார்.

எனினும், நிமிர்ந்த விரல்கள் சில ஓரிரவிற்குள் குறைந்து போவதைக் கண்டு அவர் திகைத்தார். இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்தன. நோவு தோன்றாமையால் அவர்கள் விழித்திலர். விரலை அழிப்பது பிணி மட்டுமன்று, நோவறியாமையே என்பதை அவர் தெளிந்தார். ஆகவே, நாள்தோறும் தம் கைகால்களைத் தம் கண்களாலேயே ஆராயுமாறு நோயாளருக்குக் கற்பித்தார். 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் சென்றபின், உணர்ச்சி இழந்த சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் இப்பாடம் பயன்பட்டது. 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

இரத்த அழுத்தம் அவர்தம் துறையன்று. ஆயினும் அவர் கற்பித்த பாடம் அதற்கும் பொருந்துமென்று யாம் கருதுகின்றோம். மிகுந்த இரத்த அழுத்தமும் பெரும்பாலும் நோவு தாராது. இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அது ஓசையின்றிக் கெடுக்கும். நோவு அறிவியாததை அளவு அறிவிக்க வேண்டும்.

இதன்பொருட்டு மேற்கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இல்லத்தில் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி, பேசாதிருந்து அளத்தல் வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் ஆகா. காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, தேதியிட்டு எழுதுதல் நன்று. சில நாள் அளவுகளின் சராசரி 135/85-க்கு மேற்படின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மருந்தைத் தாமே கூட்டவும் நிறுத்தவும் துணியலாகாது.

விடுமுறைக்கு வீடு செல்லும் நாம், ஒரு நோவும் இல்லை என்று கூறும் நம் பெற்றோரின் கையில் அப்பட்டையைக் கட்டிப் பார்ப்போமாக. கொல்லிமலையில் வளர்ந்த அம்மருத்துவர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.