சித்திரத் தையல் வளர்த்த மே மாரிஸ் அம்மையார்

கலைகள் இருவகையாற் காக்கப்பெறுகின்றன. ஏட்டில் எழுதி வைக்கப்பெறுவன ஒருவகை. கையினின்று கைக்கு மாறி வருவன மற்றொரு வகை. பாட்டும் உரையும் ஏட்டில் நிற்கும். ஓர் ஏட்டைக் கறையான் அரித்தாலும் மற்றோர் ஏடு எங்கேனும் கிடைத்தல் கூடும். நெசவும் தச்சும் தையலும் அத்தகையன அல்ல. அறிந்தார் விரல் அறியார் விரலுக்குக் காட்டாதொழியின், அவை ஒரு தலைமுறைக்குள்ளேயே மறைந்துபடும்.

எம்பிராய்டரி என இக்காலத்து வழங்கும் பூவேலையைச் சித்திரத் தையல் என்னும் அழகிய தொடராற் குறிக்கின்றது நம் தமிழ் வேதாகமம். ஆசரிப்புக் கூடாரத்து வேலைகளைச் செய்த பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும், கைத்திறனோடு பிறர்க்குக் கற்பிக்கும் மனமும் அருளப்பெற்றதென யாத்திராகமம் கூறும். கைத்திறன் வாய்ந்தோர் பலர். அதனைக் கற்பிக்கும் மனமும் உடன் வாய்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் ஆங்கில நாட்டில் விளங்கிய மே மாரிஸ் அம்மையாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

அம்மையார் 1862 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆம் நாள், கென்ட் கோட்டத்தில் பெக்ஸ்லிஹீத் என்னுமிடத்து ரெட் ஹவுஸ் என்னும் இல்லத்திற் பிறந்தார். இவர்தம் தந்தையார் வில்லியம் மாரிஸ். கவிஞராகவும், சித்திர வேலைப்பாடுகளை வகுப்பவராகவும், அச்சுக்கலைஞராகவும், பொதுவுடைமைக் கொள்கையினராகவும் புகழ்பெற்றவர் அவர். தாயார் ஜேன், ஆக்ஸ்போர்டு நகரத்துக் குதிரைலாயப் பணியாளர் ஒருவரின் மகள். மூத்த மகள் ஜென்னி. இளைய மகளே மேரி என்னும் இயற்பெயரும் மே என்னும் வழக்குப் பெயரும் உடைய நம் அம்மையார்.

அந்நாளில் ஆங்கில நாட்டுச் சித்திரத் தையல் இருந்த நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். பெர்லின் வேலை என்பதொன்று இல்லந்தோறும் பரவியிருந்தது. கட்டம் போட்டு அச்சிட்ட தாளைப் பார்த்துக் கட்டங்களை எண்ணி, கண்ணறைத் துணியில் கம்பளி நூலால் ஒரே வகைத் தையலைப் போட்டு நிரப்புவதே அதன் முறை. தைப்பவர் எண்ணத் தெரிந்திருந்தாற் போதும். கண்ணுக்கும் கருத்துக்கும் அதில் வேலை குறைவு. பழைய தையல் வகைகள் பலவற்றைக் கற்பிப்பார் அரியராயினர். இந்நிலையில் இளைஞராயிருந்த வில்லியம் மாரிஸ் ஒரு சட்டத்தைச் செய்வித்து, தமக்கு வேண்டிய வண்ணங்களிற் கம்பளி நூலைச் சாயமேற்றுவித்து, ஊசியைத் தாமே கையிலெடுத்தார். 1859 ஆம் ஆண்டு மணம் புரிந்தபின் மனைவியார்க்கும் தாம் அறிந்ததைக் காட்டினார். இருவரும் பழைய பூவேலைத் துணிகளைத் தேடிக் கொணர்ந்து, இழையிழையாகப் பிரித்துப் பார்த்து, முன்னோர் ஊசி சென்ற வழியைக் கண்டறிந்தனர். ஆசிரியர் இல்லாவிடத்து அறுந்த நூலையே ஆசிரியராகக் கொண்ட அவர்தம் ஊக்கம் வியக்கத்தக்கது.

ஒருநாள் ஜேன் அம்மையார் இலண்டன் கடையொன்றில் அவுரி நீலம் தோய்ந்த முரட்டுக் கம்பளித் துணியைக் கண்டு வாங்கிவந்தார். அதன்மேற் சிறு டெய்சிப் பூக்களை எளிய தையலால் இருவரும் நிரப்பினர். அத்திரைகள் இன்றும் கெல்ம்ஸ்காட் மாளிகையிற் காணக்கிடைக்கின்றன. ஜேனின் தங்கை பெஸ்ஸி பர்டனும் இக்கலையில் வல்லவரானார். 1872 ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய அரச தையற்கலைப் பள்ளியிற் கற்பிக்கும் தகுதியும் பெற்றார். தாயிடமும் சிற்றன்னையிடமும் மே ஊசி பிடிக்கக் கற்றார். பின்னர்ச் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியிற் பயின்று, இல்லத்திற் பெற்ற அறிவை முறைப்படுத்திக்கொண்டார்.

1883 ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதினராகிய மே, தந்தையார் நிறுவிய மாரிஸ் கம்பெனிக்காக ஹனிசக்கிள் என்னும் கொடிப்பூவைச் சுவர்த்தாளுக்குரிய உருவமாக வரைந்தார். 1885 ஆம் ஆண்டில் அக்கம்பெனியின் சித்திரத் தையற் பகுதி முழுவதும் இருபத்துமூன்று வயதே நிரம்பிய இவர் பொறுப்பில் விடப்பட்டது. உருவம் வகுத்தல், அதனைத் துணியில் வரைதல், பட்டின் நிறம் தேர்தல், விலை குறித்தல், பெண்களைப் பயிற்றல் ஆகிய அனைத்தும் இவர் கடமையாயின. அவுரியும் மஞ்சிட்டியும் முதலிய இயற்கைச் சாயங்களையே மாரிஸ் விரும்பினார். லீக் என்னும் ஊரில் அவருக்குத் துணையாயிருந்த சாயத்தொழில் வல்லார் தாமஸ் வார்டில், நம் நாட்டு டசர்ப் பட்டுக்கும் சாயமேற்றும் வழி கண்டவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

அக்கம்பெனி முற்றுப்பெற்ற வேலைகளை மட்டும் விற்கவில்லை. உருவம் வரைந்து, ஒரு பகுதியை மட்டும் தைத்துக் காட்டிய துணியையும், அதற்கேற்ற பட்டு நூல்களையும் சேர்த்து விற்றது. வாங்கிய பெண்டிர் தொடங்கிய தையலைப் பார்த்துத் தம் இல்லத்திலிருந்தே எஞ்சியதைத் தைத்து முடித்தனர். பள்ளி செல்லாதார்க்கும் அத்துணியே பள்ளியாயிற்று. முகமறியாத ஒருத்தி தொடங்கிய இலையை முகமறியாத மற்றொருத்தி முடித்தாள்.

1890 ஆம் ஆண்டில் அம்மையார் ஹென்றி ஹாலிடே ஸ்பார்லிங் என்பாரை மணந்து, ஹாமர்ஸ்மித் பகுதியிற் குடியேறினார். தையற் பகுதியும் அவ்வில்லத்திலேயே நடைபெற்றது. அங்கு ஊசியேந்திய பெண்களுள் லில்லி யேட்ஸ் ஒருவர். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் உடன்பிறந்தார். 1888 முதல் 1894 வரை அவர் நம் அம்மையாரிடம் வேலை செய்தார். தலைவியாரின் கண்டிப்பு அவர்க்கு மிகக் கசந்தது. அக்காலத்தைப் பின்னாளில் இனிதாக அவர் நினைவுகூரவில்லை. எனினும், மனம் ஒட்டாவிடினும் தையல் ஒட்டிக்கொண்டது. 1902 ஆம் ஆண்டில் எவ்லின் கிளீசன் என்பார் டப்ளின் நகருக்கு அணித்தாகத் தொடங்கிய டன் எமர் தொழிற்கூடத்தில், லில்லி சித்திரத் தையற் பகுதியை ஏற்று அயர்லாந்துப் பெண்களைப் பயிற்றினார். தாகூரின் கீதாஞ்சலிக்கு 1912 ஆம் ஆண்டில் முன்னுரை வரைந்த யேட்ஸை நம் மாணவர் அறிவர். அவர் தமக்கையல்லாது தங்கையராய் நின்ற இவரின் ஊசித்தொண்டு அத்துணை அறியப்படவில்லை.

கெல்ம்ஸ்காட் மாளிகையில் வில்லியம் மாரிஸ் துயின்ற பழங்கட்டிலுக்குரிய திரைகள் அம்மையார் வேலைகளுட் சிறந்தன. தந்தையார் அக்கட்டிலுக்கென ஒரு பாட்டு யாத்தார். மகளார் அதனைக் கட்டிலின் மேல்விளிம்புத் துணியில் எழுத்தெழுத்தாகத் தைத்தார். பக்கத் திரைகளிற் பழமரங்களும் பறவைகளும் அவர் வகுத்தவாறே தோன்றின. லில்லி முதலியோர் உடன் தைத்தனர். மேற்போர்வையைத் தாயார் ஜேன் தைத்தார். ஒரு குடும்பத்தின் கவியும் கையும் ஒரு கட்டிலில் ஒன்றாயின. இவ்வேலை 1893 ஆம் ஆண்டு இலண்டன் கலைத்தொழிற் கண்காட்சியில் வைக்கப்பெற்றது.

அதே ஆண்டில் அம்மையார் அலங்காரத் தையல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தையல் வகைகளைப் படங்காட்டி விளக்கியதோடு, உருவம், நிறம், பொருள் ஆகியவற்றைத் தேரும் முறையையும் அதில் உரைத்தார். தொழில் மறையைத் தம்மளவில் வைத்து ஊதியம் பெருக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. 1896 ஆம் ஆண்டு அக்டோபரில் தந்தையார் காலமானார். அம்மையார் கம்பெனிப் பொறுப்பினின்றும் விலகினார். 1897 முதல் இலண்டன் நடுவண் கலைத்தொழிற் பள்ளியிற் சித்திரத் தையல் கற்பிக்கலானார்.

அம்மையார்க்கு வாழ்வில் துயரமும் குறைவன்று. தமக்கை ஜென்னியை 1876 ஆம் ஆண்டிற் பற்றிய வலிப்புநோய் இறுதிவரை விடவில்லை. பெர்னார்ட் ஷாவினிடம் இளமையிற் சென்ற மனம் கைகூடவில்லை. ஸ்பார்லிங்கோடு நிகழ்ந்த மணமும் நிலையாது, 1898 ஆம் ஆண்டில் முறிந்தது. அம்மையார் பிறந்தகத்துப் பெயரையே மீண்டும் பூண்டு, தொழிலையே துணையாகக் கொண்டார். 1898, 1899 ஆம் ஆண்டுகளில், கட்டடக்கலைஞர் பிலிப் வெப் வகுத்த பலிபீட முன்திரை ஒன்றைப் பொறுமையோடு தைத்து நிறைவேற்றினார்.

பழைய திருக்கோயில் உடைகளை ஆராய்வதிலும் அவர் தலைநின்றார். 13, 14 ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சித்திரத் தையல் ஐரோப்பா முழுதும் பெயர்பெற்றிருந்தது. போப்பாண்டவர்களும் அதனை விரும்பிப் பெற்றனர். பொன்னிழையைத் துணியின்மேற் கிடத்தி, அடியிலிருந்து வரும் நூலால் அதனைச் சிறிதே உள்ளிழுத்துக் கட்டுவர். அங்ஙனம் கட்டிய உடை, பொன் நிறைந்திருந்தும் விறைத்து நில்லாது மடிந்து வீழும். முகங்களைத் தைக்குங்கால், முன்னிட்ட தையலின் இழையைப் பிளந்தே அடுத்த தையலைப் புகுத்துவர். இத்தகைய நுட்பங்களை அம்மையார் ஆராய்ந்து, தாமே ஊசி பிடித்த பட்டறிவோடு இதழ்களில் எழுதினார். முன்னாளில் தந்தையார் பிரித்தறிந்த கலை மகளாரால் வரலாறாக மலர்ந்தது.

இனி அம்மையார் செய்த மற்றொரு செயல் சிறப்பாகக் கூறற்பாலது. 1884 ஆம் ஆண்டு முதல் இலண்டனிற் கலைத்தொழிலாளர் கழகம் ஒன்று இருந்தது. கலைஞரும் கைவினைஞரும் அங்குக் கூடித் தம் தொழில்நுட்பங்களை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்துப் பயன் பெற்றனர். ஆயின் பெண்டிர்க்கு அங்கு உறுப்புரிமை இல்லை. தந்தையார் தலைமை தாங்கிய கழகத்தில் மகளார்க்கு இடமில்லாமற் போயிற்று. அம்மையார் வாதாடிக் காலம் போக்கவில்லை. 1907 ஆம் ஆண்டில் மேரி எலிசபெத் டர்னர் என்பாரோடு சேர்ந்து பெண்கள் கலைக்கழகத்தை நிறுவினார். தையல் வல்லாரும் ஓவியரும் பொன்வேலை செய்வாரும் புத்தகம் கட்டுவாரும் அதிற் கூடினர். ஒருத்தி அறிந்ததைப் பலர் அறியவும், பலர் அறிந்ததை ஒருத்தி பெறவும் அக்கழகம் வழிசெய்தது. ஆடவர் கழகம் பெண்ணொருவரை உறுப்பினராக ஏற்றது 1964 ஆம் ஆண்டிலேதான். மூடிய கதவை நோக்கி நிற்பதினும் புதியதொரு மனை கட்டுதல் நன்றென அம்மையார் ஐம்பத்தேழு ஆண்டுகட்கு முன்னரே காட்டிவிட்டார்.

1909 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்கா சென்று தையல், அணிகலன், உருவம் வகுத்தல் ஆகியன பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1910 முதல் 1915 வரை தந்தையாரின் நூல்களை 24 தொகுதிகளாகப் பதிப்பித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னுரை வரைந்தார். பிற்காலத்தைக் கெல்ம்ஸ்காட்டிற் கழித்தார். அவ்வூர் மக்களுக்கெனத் தந்தையார் நினைவாக ஒரு பொதுமன்றம் எழுப்பினார். 1934 ஆம் ஆண்டில் ஷாவே வந்து அதனைத் திறந்துவைத்தார். 1938 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் அம்மையார் கெல்ம்ஸ்காட்டிலேயே உயிர்நீத்தார்.

மகளாரின் இப்பணி தந்தையாரின் பெயரை நிலைநாட்டிற்று. ஆனால் அப்பெயரின் நிழலே மகளாரின் பெயரை மறைத்தது. அவர் வரைந்த ஹனிசக்கிள் சுவர்த்தாள் தந்தையார் வேலையென்றே நெடுங்காலம் மயங்கிக் கொள்ளப்பட்டது. தம் அருமையை நண்பர் எவரும் கருதினாரில்லை என முதுமையில் ஷாவுக்கு வரைந்த கடிதமொன்றில் அம்மையாரே குறித்தார். அது தற்பெருமையன்று, உழைத்தவர் கேட்கும் கூலியென்றே நாம் கொள்கின்றோம். 2017 ஆம் ஆண்டில் இலண்டன் வால்தம்ஸ்டோவில் உள்ள வில்லியம் மாரிஸ் காட்சிக்கூடத்தில் அம்மையாரின் வேலைகள் அவர் பெயராலேயே வைக்கப்பெற்றன. அக்கூலி காலந்தாழ்த்தே கிடைத்தது.

தையல் வகைகளுட் சங்கிலித் தையல் என்பது ஒன்று. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முன்னுள்ள கண்ணியின் உள்ளிருந்தே பிறக்கும். பின்வருவதே முன்னதை அவிழாது காக்கும். இறுதிக் கண்ணியை ஒரு சிறு தையலாற் கட்டாது விட்டால், இழையை இழுக்குந்தோறும் முன்னவை யாவும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடும். கைக்கலைகளின் இயல்பும் இதுவே. பழைய துணியைப் பிரித்த தந்தையார், அவரிடம் பெற்ற தாயார், தாயிடம் பெற்ற மகளார், மகளாரிடம் கசப்போடேனும் பெற்ற லில்லி, அவரிடம் பெற்ற அயர்லாந்துப் பெண்டிர் என அச்சங்கிலி நீண்டது. நம் இல்லங்களிலும் பாட்டியரும் தாயரும் அறிந்த கைவேலைகள் பல உள. அவற்றைக் கேட்டுக் கற்பதற்கு விடுமுறை நாட்கள் சில போதும். கற்பித்தவர் பெயரை மறவாது சொல்லுதற்கு நன்றியுள்ள நெஞ்சு ஒன்று போதும். இவ்விரண்டையும் செய்வோமாயின், மே மாரிஸ் அம்மையார் வாழ்க்கையை நாம் கற்றது பயனுடையதாகும்.