தோடை மரத்தைத் துயில வைத்த தோட்டக்காரர்

தோடை மரம் பனியை அறியாத குலத்திலே பிறந்தது. இமயத்தின் கிழக்குச் சாரலிலும் தென் சீனத்திலும் தோன்றிய அவ்வினம் வணிகரோடு மேற்கே சென்று மத்தியதரைக் கடலோரத்தில் வேரூன்றிற்று. அங்கிருந்து அதனை வடக்கே பாரிசு நகரத்துக்குக் கொண்டு சென்றவர்கள் மன்னர்களும் செல்வர்களுமே. ஆண்டுதோறும் நிலம் உறைகின்ற அந்நாட்டில் அம்மரத்தைப் பழத்துக்காக வளர்த்தார் என்று சொல்வது பொருந்தாது. பனிக்காலத்திலும் இலை உதிராது, பூவும் காயும் ஒரே கிளையில் தாங்கி நிற்கும் அதன் கோலத்துக்காகவே வளர்த்தனர். கோலத்தைக் கண்டு வியந்தோர் பலர். மரத்தின் இயல்பை ஆராய்ந்து அறிந்து எழுதி வைத்தோர் சிலரே. அச்சிலருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ழான் பப்திஸ்த் த லா கென்தினி என்பவர். அவர் வரலாற்றையே இங்கு கூற விழைகின்றேன்.

அவர் 1626 ஆம் ஆண்டிலே பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள சபனே என்னும் சிற்றூரிற் பிறந்தார். புவாத்தியே நகரில் தத்துவமும் சட்டமும் கற்றுப் பாரிசிலே வழக்கறிஞரானார். நாவன்மை மிக்கவர் என்ற பெயரும் பெற்றார். அத்தொழிலிலேயே நிலைத்திருப்பின் அவருடைய பெயர் அவரோடு மறைந்திருக்கும். தம்பனோ என்னும் உயர் அதிகாரி தம் மைந்தனுக்கு ஆசிரியராக அவரை அமர்த்தினார். அம்மாணவனை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குச் சென்ற பயணமே அவர் வாழ்வைத் திருப்பிற்று. அந்நாட்டுத் தோட்டங்களைக் கண்டபின் சட்ட நூல்கள் அவருக்குச் சுவைக்கவில்லை. கொலுமெல்லா, வர்ரோ, வர்ஜில் ஆகிய பழைய உரோமர் வேளாண்மை பற்றி எழுதியவற்றையே திரும்பத் திரும்பக் கற்றார். ஊர் திரும்பியதும் தம்பனோ தம் மாளிகைத் தோட்டத்தை அவர் பொறுப்பில் விட்டார். கற்றவர் ஒருவர் மண்வெட்டியைக் கையில் எடுப்பதை இழிவென்று கருதிய காலம் அது. நம்மிடையேயும் அக்கருத்து முற்றாக ஒழிந்துவிட்டதென்று சொல்ல இயலாது.

நூலில் இருப்பதை அப்படியே நம்பிவிடாது, தாமே தோண்டிப் பார்த்தமைதான் அவருடைய பெருமை. மரத்தைப் பெயர்த்து நடும்போது பழைய நுண்வேர்கள் யாவற்றையும் காத்தல் வேண்டுமென்று தோட்டக்காரர் நெடுங்காலம் நம்பி வந்தனர். கென்தினி நட்ட மரங்களை மீண்டும் அகழ்ந்து நோக்கினார். பழைய நுண்வேர்கள் பட்டுப்போயிருந்தன. மரத்தை ஊட்டி வளர்த்தவை புதிதாக முளைத்த வேர்களே. ஆதலின், வேரை அளவறிந்து வெட்டுதல் மரத்துக்குக் கேடன்று, உதவியே என்று துணிந்தார். இச்செய்தியை நான் முதன்மையாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் வாழும் தோடை மரத்துக்கு உயிர்நாடி வேரே. நிலத்தில் நிற்கும் மரம் தன் உணவைத் தேடிச் செல்லும். பெட்டியில் நிற்பது எங்கே செல்லும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரை நறுக்கி மண்ணை மாற்றுவதொன்றே அதற்கு வழி. வெர்சாய் அரண்மனையின் மரப்பெட்டிகளுடைய பக்கப் பலகைகள் கழற்றத்தக்கனவாய் அமைந்ததும் இதற்காகவே.

நிதியமைச்சராக விளங்கிய பூக்கே என்பவர் தம்முடைய வோ மாளிகைத் தோட்டத்தில் கென்தினியைப் பணிக்கு அமர்த்தினார். 1661 ஓகஸ்டில் அம்மாளிகையில் மன்னருக்கு அளித்த விருந்தின் ஆடம்பரம் மன்னரின் சினத்தைத் தூண்டிற்று. அடுத்த மாதமே பூக்கே சிறைப்பட்டார். அவர் வீட்டுத் தோடை மரங்களோ வண்டியேறி வெர்சாய்க்குச் சென்றன. தோட்டக்காரரும் காலப்போக்கில் அங்கேயே சேர்ந்தார். எசமானன் சிறையில் மடிய, அவனுடைய மரங்கள் அரசவையிற் சிறப்புற்றன. பதினான்காம் லூயி மன்னர் வெள்ளித் தொட்டிகளில் தோடை மரங்களை நிறுத்தித் தம் மண்டபத்தை அலங்கரித்தார். அத்தொட்டிகள் 1689 இல் போர்ச் செலவுக்காக உருக்கப்பட்டன.

1670 இல் கென்தினி அரசருடைய பழ, காய்கறித் தோட்டங்களின் தலைவரானார். 1678 முதல் 1683 வரை புதிய தோட்டமொன்றை எழுப்பினார். அவருக்குக் கிடைத்த இடம் நாற்றமெடுத்த சதுப்பு நிலம். அருகே சுவிசுப் படைவீரர் பெருங் குளமொன்றை அகழ்ந்தனர். அம்மண் இச்சதுப்பைத் தூர்த்தது. வெர்சாயின் மண்வேலைகளிற் காய்ச்சலால் மாண்டோர் பலர். அழகிய தோட்டத்தைப் புகழும்போது அவர்களையும் நினைத்தல் தகும். அம்மண்ணின் தரக்குறைவைப் பற்றித் தோட்டத் தலைவர் தம் நூலிற் குறைகூறியுள்ளார். எனினும், உயர்ந்த மதில்களால் காற்றைத் தடுத்தும், புத்தெருவின் சூட்டைப் பயன்படுத்தியும், கண்ணாடி மூடிகளை இட்டும், மார்கழிக் குளிரிலே சதாவரித் தண்டை மன்னர் மேசைக்கு அனுப்பினார். மன்னர் விரும்பிய அத்திமரங்களும் பெட்டிகளில் வளர்ந்து பனிக்காலத்தில் கூரையின்கீழ் ஒதுங்கின.

தோடை மரங்களுக்கென அமைந்த பெருமண்டபம் அவர் கட்டியதன்று. சிற்பி மன்சார் 1684 முதல் 1686 வரை அதனை எழுப்பினார். நடுக்கூடத்தின் நீளம் 155 மீற்றர். மேலே அரண்மனைத் தோட்டத்தின் மண். சுவர்களோ பல மீற்றர் தடிப்புடையன. சாளரங்கள் தெற்கே நோக்கியவை. அங்கே அடுப்பு இல்லை. பகலில் தாழ்ந்து வரும் வெயில் கண்ணாடி வழியே உட்புக, கல்லும் மண்ணும் அச்சூட்டை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும். இதனைக் கண்ட பலர் குளிரை வெல்லும் மாளிகையென்று புகழ்ந்தனர். நானோ அது மரத்தைத் துயில வைக்கும் மாளிகை என்பேன். ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே தோடையின் வளர்ச்சி நின்றுவிடும். உறைநிலைக்குச் சில பாகை கீழே சென்றால் மரமே பட்டுவிடும். இவ்விரண்டுக்கும் இடையே மரத்தை அமைதியாக நிறுத்துவதே வித்தை. வெளிச்சம் குறைந்த காலத்தில் மிகுந்த சூடு கொடுத்தால் தளிர் நொய்ந்து நீளும். தூங்கும் வேருக்கு நிறைய நீர் வார்த்தால் அழுகும். அன்பு மிகுதியாலே மரத்தைக் கொன்றவர்கள் குளிருக்குப் பலிகொடுத்தவர்களிலும் குறைவல்லர்.

1687 இல் மன்னர் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். மறு ஆண்டே கென்தினி காலமானார். கையெழுத்திற் கிடந்த அவருடைய நூலை மகன் 1690 இல் வெளியிட்டார். தோடை வளர்ப்பைப் பற்றிய தனிப் பகுதியும் அதில் உண்டு. மூன்றாண்டில் யோன் ஈவ்லின் பெயரில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இதே ஈவ்லின் குழாய் வழியே வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே செலுத்தும் பசுமைமனைத் திட்டமொன்றை 1691 இல் வெளியிட்டிருந்தார். அடுப்புக் காலம் அப்பொழுதே தொடங்கிவிட்டது.

1709 ஆம் ஆண்டின் கொடும்பனி பிரான்சின் தெற்கிலே ஒலிவ மரங்களைக்கூட அழித்தது. வெர்சாய் மண்டபத்தில் நின்ற முதுமரமொன்று அவ்வாண்டையும் கடந்து வாழ்ந்தது. நவார் நாட்டு அரசி ஒருத்தி 1421 இல் ஊன்றிய விதையின் மரமென்று மரபு கூறும். பூர்பன் குலத்தாரிடமிருந்து பறிமுதலாகி அரச உடைமையானது. அம்மரம் 1894 இலேதான் பட்டது. கென்தினியின் காய்கறித் தோட்டம் இன்றும் பயிராகின்றது. அதன் அண்டையில், ஐப்பசி வந்ததும் தோடைப் பெட்டிகள் மண்டபத்துக்குள் செல்கின்றன; வைகாசியில் வெளியே வருகின்றன.