சர் சி.பி.யும் பைக்காரா கரண்ட்டும்: தோடர்களின் ஆற்றில் மின்சாரம் வந்த கதை

எல்டாம்ஸ் ரோடு பக்கம் போறவங்க, மரங்கள் சூழ்ந்த 'தி குரோவ்' வளாகத்தைப் பார்த்திருப்பீங்க. சர் சி.பி. ராமசாமி ஐயர் வாழ்ந்த வீடு அது. திருவிதாங்கூர் திவான் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால் கோவை மில்களுக்கு கரண்ட் போனதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1879-ல் வந்தவாசியில் பிறந்தவர். சென்னையில் பெயர் வாங்கிய வழக்கறிஞர். அடையாறு அன்னி பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். இத்தனைக்கும் ஜே.கிருஷ்ணமூர்த்தியை யார் வளர்ப்பது என்ற வழக்கில் பெசன்டுக்கு எதிராக வாதாடியவரே இவர்தான்!

1923 முதல் 1928 வரை சென்னை மாகாண அரசில் சட்ட உறுப்பினர். அப்போதுதான் மேட்டூர் அணைக்கும், நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்துக்கும் முட்டுக்கொடுத்தார். 1929-ல் வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது, கோவையில் மில்கள் பெருகின.

சரி, அந்த ஆறு யாருடையது? பைக்காரா, தோடர்களுக்குப் புனித ஆறு. அதைக் கடப்பதற்கே சடங்குக் கட்டுப்பாடுகள் இருந்ததை 1906-ல் வெளியான ரிவர்ஸின் ஆய்வு நூல் விவரிக்கிறது. எருமைதான் அவர்களின் பொருளாதாரம், கோயில், எல்லாமே. அதற்குப் புல்வெளி வேண்டும். அணை என்றால் தண்ணீர் தேங்கும், சாலை வரும், குடியிருப்பு வரும். மின்சார வருமானத்தில் பழங்குடியினருக்குப் பங்கு என்ற பேச்சே அன்றைய சட்டத்தில் இல்லை. இதை சி.பி.யின் தனிப்பட்ட குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு கூர்மையான வழக்கறிஞர் அந்தக் கேள்வியைத் தன் திட்டத்தின் மையத்தில் வைக்கவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

1936-ல் திருவிதாங்கூர் திவானானார். அதே ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1940-ல் மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம். பிறகு புன்னப்புரா-வயலார் ரத்தக்களரி, தனிநாடு முயற்சி, 1947-ல் அவர் மீது கொலைவெறித் தாக்குதல், பதவி விலகல். 1966-ல் லண்டனில் காலமானார்.

திட்டத்தால் பாதிக்கப்படும் பகுதியின் வளர்ச்சிக்கு 1 சதவீத இலவச மின்சாரம் ஒதுக்க வேண்டும் என்ற விதி, 2008 தேசிய நீர்மின் கொள்கையில்தான் வந்தது. வன உரிமைச் சட்டமே 2006-ல்தான். தோடர்கள் இன்றும் சுமார் 2,000 பேர்தான். அதே நீலகிரியில், குந்தாவில் இப்போது 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் எழும்பிக்கொண்டிருக்கிறது.