வின்ஸ் லம்பார்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்தாட்டம் என வழங்குவது, பிற நாட்டார் ஆடும் கால்பந்தாட்டத்தின் வேறானது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதன் இயல்பு. பக்கத்திற்குப் 11 பேர் ஆடுவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாத குழு, பந்தை எதிரியிடம் இழக்கும். இவ்வாட்டத்தின் பயிற்சியாளருள் பெரும்புகழ் எய்தியவர் வின்ஸ் லம்பார்டி.

இவர் 1913-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இத்தாலிய மரபினர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இறைச்சி வணிகர். கத்தோலிக்கக் குருவாக விரும்பிச் சில காலம் பயின்ற லம்பார்டி, பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டுப் போர்தாம் பல்கலைக்கழகம் புகுந்தார். உடலாற் சிறியவரேனும், கருங்கல் எனப் புகழப்பெற்ற அதன் முன்னணி வீரர் எழுவருள் ஒருவரானார்.

1939-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த இங்கிள்வுட் நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்றார். பகலில் இலத்தீன், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைக் கற்பித்தார். மாலையில் பந்தாட்டம் பயிற்றினார். வகுப்பிற் கடைசி மாணவனுக்கும் விளங்கும்வரை பாடத்தை விட்டு அகலமாட்டார். அப்பழக்கமே பிற்காலத்தில் அவரது பெருஞ்செல்வமாயிற்று.

பிறகு வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியிலும், நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவிலும் துணைப் பயிற்சியாளராக உழைத்தார். தலைமைப் பதவியோ கிட்டவில்லை. தம் இத்தாலியப் பெயரே தடையாயிற்று என அவர் கருதி வருந்தினார். 45-ஆம் வயதில், 1959-இல்தான் வாய்ப்பு வந்தது. அதுவும் பிறர் விரும்பாத இடத்தில். விஸ்கான்சின் மாநிலத்துச் சிறுநகரான கிரீன் பேயின் பேக்கர்ஸ் குழு, தனிச் செல்வர் எவருக்கும் உரியதன்று, ஊர்மக்களே பங்குதாரர். முந்தைய ஆண்டில் அது ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது ஒன்றே.

லம்பார்டி அவ்வீரர்களிற் பலரை அப்படியே வைத்துக்கொண்டார். முதன்மையான ஓர் ஓட்டமுறையை நாள்தோறும் கற்பித்தார். ஒவ்வொருவரும் வைக்கவேண்டிய அடியையும் காரணத்தோடு விளக்கினார். கடுஞ்சினத்தர், அவர் கூச்சலுக்கு அஞ்சாத வீரர் இலர். குடும்பத்திற்கு அவர் அளித்த நேரமும் குறைவே. ஆயினும் நிறவேற்றுமையை அவர் சிறிதும் பொறுத்திலர். கறுப்பின வீரரை ஏற்க மறுக்கும் உணவகத்திற்குக் குழுவினர் எவரும் செல்லலாகாது என உறுதியாக விதித்தார். முதலாண்டிலேயே 7 வெற்றிகள் வந்தன. 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஐந்தாண்டுகளிலும் வாகை கிரீன் பேக்கே.

அவற்றுள் 1967 டிசம்பர் 31-இல் டல்லாஸ் குழுவோடு நிகழ்ந்த போட்டி மறக்கவொண்ணாதது. அன்று குளிர் உறைநிலைக்குக் கீழே 25 பாகை. தரை உறையாதிருக்க லம்பார்டி மண்ணினடியில் வெப்பக் கம்பிகளைப் பதிப்பித்திருந்தார். அவையும் பயன்படாமல் களம் பனிப்பாறையாயிற்று. 14-க்கு 17 எனப் பின்தங்கிய கிரீன் பே, எல்லைக்கு ஒரு கெஜத் தொலைவில் நின்றது. எஞ்சியவை 16 நொடிகளே. பந்தை உதைத்துச் சமன் செய்ய முயலலாம். ஓடித் தவறினால் ஆட்டமே முடிந்துவிடும். தாமே பந்தை ஏந்திப் பாய்வதாகத் தலைவர் பார்ட் ஸ்டார் கூற, லம்பார்டி இசைந்தார். ஸ்டார் எல்லையைக் கடந்து வீழ்ந்தார். ஒருகாலத்தில் எவராலும் பொருட்படுத்தப்படாத வீரர் அவர்!

1968 பிப்ரவரியில் பயிற்சிப் பதவியைத் துறந்த லம்பார்டி, ஆட்டக்களத்தைப் பிரிந்திருக்க ஆற்றாமல் 1969-இல் வாஷிங்டன் குழுவை ஏற்றார். அங்கே லாரி பிரௌன் என்னும் புதிய வீரர், ஆட்டம் தொடங்கியபின் ஒரு கணம் தாழ்த்தே புறப்படுவதைக் கண்டார். பிறர் அதனைச் சோம்பல் என்றிருப்பர். லம்பார்டியோ செவியைச் சோதிக்கச் செய்தார். ஒரு செவி கேளாதது தெரியவந்தது. தலைக்கவசத்தினுள் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. 1970-ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரௌன் 1,125 கெஜம் ஓடி, ஓட்டக்காரர் அனைவருள்ளும் முதலிடம் பெற்றார். லம்பார்டி அதனைக் கண்டிலர். குடற்புற்று நோயால், அப்பருவம் தொடங்குமுன்னரே, செப்டம்பர் 3-இல் தமது 57-ஆம் வயதில் அவர் காலமானார்.