மலைவழி நடந்த இருவர்

ஓட்டமாவடிப் பாலத்தருகே மாலையில் உலாவுவது யான் பல்லாண்டுகளாகக் கொண்டுள்ள வழக்கம். சில திங்களுக்கு முன்னர், வெளிநாட்டைச் சேர்ந்த ஓர் இளங் கணவனும் மனைவியும், முதுகிற் பெருமூட்டைகளைச் சுமந்தவராய், பாசிக்குடாவுக்கு வழி கேட்டு என்னெதிரே நின்றனர். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரிலும், பெரு நாட்டின் ஆழ்ந்த மலைப்பிளவுகளிலும் பல வாரம் நடந்துவிட்டு, இப்பொழுது நம் தீவைக் காண வந்தவர்களாம். வழி சொல்லி அனுப்பினேன். அவர்கள் பாலத்தைக் கடந்து மறைந்த பின்னர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு மலைகளில் இவ்வாறே இணைந்து அலைந்த வேறிருவர் என் நினைவில் எழுந்தனர். ஒருவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. மற்றவர் அவர்தம் முதல் மனைவியார் எதெல் மேரி.

குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட குடும்பத்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிரம்புமுன்னரே குழந்தையைத் தாயார் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவர்களைப் பின்தொடரவிருந்த தந்தையார் 1879 மே மாதத்திற் கொழும்பிற் காலமானார். இவ்வாறு தமிழ்த் தந்தையின் மகன், தந்தையின் முகத்தையும் மொழியையும் அறியாது பிறநாட்டில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1900 இற் பட்டம் பெற்றார். கலையை அன்று, கல்லையும் மண்ணையும் ஆராயவே அவர் கற்றார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

எதெல் மேரி பாட்ரிட்ஜ் 1872 இல் தெவன் மாகாணத்துப் பாண்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தவர், கணவரினும் ஐந்தாண்டு மூத்தவர், இசை பயின்றவர். 1902 இல் இருவரும் மணந்தனர். அடுத்த ஆண்டிலேயே குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பணிப்பாளரானார். கண்டியிற் குடியேறிய இணையர், பணியின் பொருட்டு மலைநாடெங்கும் திரியத் தொடங்கினர்.

அத்திரிதல் இன்பச் செலவு அன்று. பொருள்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, வண்டி செல்லாத இடங்களிற் கால்நடையாகச் சென்று, கூடாரத்திலும் வழித்தங்கல் மனைகளிலும் இராப் பொழுதைக் கழித்தனர். கண்டி, மாத்தளை, சப்பிரகமுவ எனப் பரந்த நிலத்தில் ஆற்று மணலையும் பாறையையும் ஆராய்வது அரசு இட்ட பணி. அப்பணியிலும் அவர் குறை வைக்கவில்லை. 1904 இல் சப்பிரகமுவையிற் கிடைத்த கரிய பாரமான மணிகளை ஆராய்ந்து விவரித்தார்; அவை அதுவரை அறியப்படாத ஒரு கனிப்பொருளெனப் பின்னர்த் தெளிவாயிற்று. தோரியம் மிகுந்து கதிர்வீசும் அக்கனிப்பொருள் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது.

ஆயினும், கல்லைத் தேடிச் சென்ற கண்களில் வழியிலிருந்த கைவினைஞர் பட்டனர். 1815 இற் கண்டியரசு வீழ்ந்தது. அரசர்க்கும் கோயிலுக்கும் தொழில் செய்யும் கடப்பாட்டோடு நிலம் பெற்றிருந்த கொல்லர், தச்சர், ஓவியர், நெசவாளர் ஆகியோரின் வாழ்வு அதனுடன் தளர்ந்தது. கப்பலில் வந்திறங்கிய மலிவான துணியும் செயற்கைச் சாயமும் எஞ்சியதை அரித்தன. குமாரசுவாமி காலத்தில் ஒரு தொழிலை முற்றக் கற்ற முதியோர் சிற்சில ஊர்களில் மட்டுமே இருந்தனர். அவர்கள் இறந்தால் அக்கலையும் இறக்கும். இதனை நூலகத்தில் இருந்தவர் அறிந்திலர். ஊரூராக நடந்தவர் அறிந்தனர்.

இங்கேதான் எதெலின் பங்கு தொடங்குகிறது. அக்காலப் படப்பெட்டி கனமானது, கையாளுதற்கு அரியது. அதனைக் கொண்டு கோயில்களையும், கருவிகளையும், தொழில் செய்யும் கைகளையும் படமெடுத்தவர் அவரே. பழைய சிங்களப் பூத்தையலை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். நூல் நூற்றலையும், நெசவையும், வேரிலும் பட்டையிலும் சாயம் இறக்கும் முறையையும் உற்று நோக்கினார். கணவர் கம்மாலையின் வாயிலில் நின்று வினவினார். மனைவி தறியின் அருகமர்ந்து கற்றார். ஒருவரே சென்றிருந்தால், அந்நாட்டின் கலையிற் பாதி கதவுக்கு அப்பாலேயே நின்றிருக்கும் எனக் கருதுகிறேன்.

கண்டதைக் கண்டு வாளாவிருக்கவும் அவர்களால் இயலவில்லை. பழைய கட்டடங்களைப் பேணாதிருந்த கண்டிப் பிரதானிகளுக்குக் குமாரசுவாமி 1905 இற் பகிரங்க மடல் எழுதினார். ஐரோப்பிய உடையையும் நடையையும் பொருளறியாது பின்பற்றுதலைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைவராயிருந்து, தாய்மொழிக் கல்விக்கும் குரல் கொடுத்தார்.

1907 இல் இருவரும் இங்கிலாந்து மீண்டு, பிறோட் கம்டன் என்னும் சிற்றூரிற் பழந் தேவாலயம் ஒன்றைச் செப்பனிட்டு இல்லமாக்கிக் கொண்டனர். வில்லியம் மொறிஸ் என்னும் அறிஞரின் அச்சியந்திரம் அங்கே நிறுவப்பட்டது. ஏறத்தாழப் பதினைந்து மாத உழைப்பின் பயனாக, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 இல் நிறைவுற்றது. அச்சிட்ட படிகள் 425 மட்டுமே. அந்நூலின் படங்களிற் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. முகப்பிலோ ஆசிரியர் பெயர் ஒன்றே.

பின்னர் அவர்தம் வழிகள் பிரிந்தன. மணவாழ்வு முறிந்தது. குமாரசுவாமி இந்தியக் கலையின் பெரும் பேராசானாக வளர்ந்தார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் பணிபுரிந்தார். சிவநடனம் பற்றிய கட்டுரையால் உலகின் கண்களைத் தில்லைக் கூத்தன்பால் திருப்பினார். 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள் மறைந்தார். எதெல் 1913 இல் பிலிப் மெயிறே என்பவரை மணந்தார். இலங்கையில் விழித்த ஆர்வத்தைக் கைவிடாது தறியில் அமர்ந்தார். 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். டிச்லிங் என்னும் ஊரில் நெசவுக்கூடம் நடத்திப் பலரைப் பயிற்றினார். கைத்தொழில் வடிவமைப்பிற்கான அரச விருதுப்பெயரை 1937 இற் பெற்றார். அதனைப் பெற்ற முதற் பெண் அவரே. 1952 இற் காலமானார். இங்கிலாந்தின் கைத்தறி வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துள்ளது. நம் வகுப்பறையில் அது நுழையவேயில்லை.

ஈண்டு என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பதாண்டுக்கு அண்மையாகக் கலாயோகியின் வரலாற்றை மாணவர்க்கு உரைத்து வருகிறேன். தன்னந்தனியே ஞானம் பெற்ற முனிவர் போலவே அவரைக் காட்டினேன். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, அவர் எழுதிக்கொண்டிருந்தாரெனில் படத்தை யார் எடுத்தார், ஐயா என்று வினவினாள். விடை எனக்குத் தெரியும். தெரிந்தும் அதுவரை சொல்லத் தோன்றவில்லை. அதுவே என்னை வருத்தியது.

அன்று மாலை வீடு சென்றபொழுது, என் மனைவி திண்ணையிற் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். வாவிக் கரைப் பன்னைக் காயவைத்து, சாயத்தில் அவித்து, நிறம் மாற்றி மாற்றி இழைக்கும் அத்தொழில் அவருக்குத் தாயார் கற்பித்தது. அப்பாயிலேயே அமர்ந்து யான் இலக்கணம் படித்திருக்கிறேன். மாணவர் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். அதன் ஓரத்து அலங்காரத்துக்குப் பெயர் உண்டா என அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் தலை நிமிராமலே ஆறேழு பெயர்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்றையேனும் எந்த அகராதியிலும் யான் கண்டதில்லை.

ஆசிரிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். குமாரசுவாமியின் பெருமையை எவ்வளவு உயர்த்திக் கூறினும் தகும். ஆனால் அப்பெருமைக்கு அடிகோலிய மலைவழியில் இரண்டு சோடிக் கால்கள் நடந்தன என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். அத்தோடு நில்லாது, உங்கள் மாணவரை அவர்தம் வீட்டுத் திண்ணைகளுக்கு அனுப்பி, பாட்டிமாரும் தாய்மாரும் அறிந்த தொழிற்சொற்களை எழுதி வரச் செய்யுங்கள். எங்கள் பத்தாம் வகுப்பார் அதற்கென ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளனர். அதன் முதற் பக்கத்தில் என் மனைவி சொன்ன பெயர்கள் உள்ளன. கீழே, சொன்னவர் பெயரும் உள்ளது.