பத்து வயதுப் பையன் தூக்கிய பை

கோல்ப் என்று ஒரு பந்தாட்டம் இருக்கிறது. பரந்த புல்வெளி. தூரத்தில் ஒரு சிறு குழி. அதில் பந்தை மட்டையால் அடித்துத் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி.

ஆடுபவருக்குப் பல மட்டைகள் தேவை. அவற்றைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு கூலி ஆள் பின்னால் நடப்பார். அவருக்குக் "கேடி" என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் போலீசார் தேடும் ஆள்! கோல்ப் கேடியோ சாது. பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பார். குழி எவ்வளவு தூரம், எந்த மட்டை சரி என்று சொல்வார்.

தோற்றாலும் ஜெயித்தாலும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். பையைத் தூக்க ஓர் ஆளா? அது வீண் செலவு அல்லவா? இப்படிக் கேட்பவர்கள் பிரான்சிஸ் விமெட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டக்காரர் மகன்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய ஊர் புரூக்ளைன். அங்கே 1893-ம் ஆண்டு விமெட் பிறந்தார். தந்தை தோட்ட வேலை செய்பவர். ஏழைக் குடும்பம். ஆனால் வீட்டுக்கு எதிரே பணக்காரர்களின் கோல்ப் மைதானம்! அதன் பதினேழாவது குழி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது.

சிறுவன் விமெட் அங்கே கேடியாகப் பை தூக்கினான். பெரியவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றான். வீட்டுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் குழி தோண்டி விளையாடினார்கள். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. பிழைப்புக்கு உதவாத விளையாட்டு என்று கோபித்தார். தாய்தான் பிள்ளையின் பக்கம். ஒரு போட்டியில் சேரக் கிளப் சந்தா 25 டாலர் தேவைப்பட்டது. அதைத் தாயிடம் கடன் வாங்கினார் விமெட். கடையில் வேலை பார்த்து அடைத்தார்.

1913 செப்டம்பர்

அமெரிக்காவின் பெரிய கோல்ப் போட்டி அந்த ஆண்டு அதே மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து ஹாரி வார்டனும் டெட் ரேயும் வந்தார்கள். வார்டன் அதற்குள் ஐந்து முறை பிரிட்டிஷ் பட்டம் வென்றவர். ரே 1912-ல் அதே பட்டத்தை வென்றவர். இருவரும் பணத்துக்கு ஆடுபவர்கள். இருபது வயது விமெட் பரிசுப் பணம் பெறாத ஆட்டக்காரர்.

விமெட்டுக்குப் பை தூக்க ஜாக் லோரி என்ற பையன் வருவதாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்டவனை அதிகாரி பிடித்துவிட்டார். அவன் தம்பி எட்டி தப்பி ஓடி வந்தான். வயது பத்து! பையை நிமிர்த்தினால் ஏறக்குறைய அவன் உயரம் இருக்கும்.

72 குழிகள் முடிந்தன. மூவரும் ஆளுக்கு 304 அடிகள். விமெட் இந்தச் சமநிலையை எட்ட உதவிய முக்கியமான அடி எங்கே விழுந்தது தெரியுமா? வீட்டு வாசலுக்கு எதிரே இருந்த பதினேழாவது குழியில்தான்!

மறுநாள் மூவருக்கும் தனி ஆட்டம். விமெட்டின் நண்பர்கள் கவலைப்பட்டார்கள். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்குப் பொடியனா பை தூக்குவது? அனுபவம் உள்ள ஆளை வைக்கலாமே! ஒருவர் எட்டியிடமே வந்து கேட்டார். பையை விட முடியாது என்று பிடிவாதம் செய்தான் பையன். அவன் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தார் விமெட். அவனே வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

மைதானத்தைப் பற்றி விமெட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கேயே பை தூக்கி வளர்ந்தவர். அவருக்குத் தேவைப்பட்டது பதற்றம் தணிக்கும் துணை. பந்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்பதையே எட்டி ஓயாமல் சொன்னான். மழையில் நனைந்த தரையில், ஆயிரக்கணக்கான பேர் சூழ்ந்து நிற்க, அந்த ஒரு பேச்சுதான் விமெட்டின் காதில் இருந்தது.

முடிவு: விமெட் 72. வார்டன் 77. ரே 78. அமெரிக்காவே திகைத்தது!

கூட்டத்தினர் விமெட்டைத் தோளில் தூக்கினார்கள். அங்கேயே தொப்பியை நீட்டி எட்டிக்குக் காசு திரட்டினார்கள். பரிசுப் பணத்தில் ஒரு காசும் விமெட்டுக்கு இல்லை. பணம் பார்த்தவன் கேடிதான்!

பிறகு

விமெட் 1914-லும் 1931-லும் பணம் பெறாத ஆட்டக்காரர்களுக்கான தேசியப் பட்டத்தை வென்றார். நடுவே ஒரு சோதனை. விளையாட்டுச் சாமான் கடை வைத்தார் என்பதற்காக 1916-ல் கோல்ப் சங்கம் அவருடைய தகுதியைப் பறித்தது. பிழைப்புக்குக் கடை வைப்பதும் குற்றமா என்று பலர் கொதித்தார்கள். அவர் ராணுவத்தில் சேர்ந்த பின், 1918-ல் தகுதி திரும்பக் கிடைத்தது. 1951-ல் ஸ்காட்லாந்தின் புகழ் பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் தலைவரானார். பிரிட்டிஷ்காரர் அல்லாத முதல் தலைவர் அவரே.

பை தூக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நண்பர்கள் 1949-ல் அவர் பெயரால் நிதி தொடங்கினார்கள். அந்த உதவியால் ஆயிரக்கணக்கானவர் கல்லூரி சென்றிருக்கிறார்கள்.

எட்டி லோரி வளர்ந்து கார் வியாபாரத்தில் பெரும் செல்வர் ஆனார். இருவரின் நட்பு கடைசி வரை நீடித்தது. 1967 செப்டம்பரில் விமெட் காலமானார். அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களில் எட்டியும் ஒருவர்.